தில்லைநாயகம் அண்ணாச்சியின் கால்சியம்

தில்லைநாயகம் அண்ணாச்சிக்கு இனி அதிக நாள் இல்லை என்று முதலில் சொன்னது டாக்டரும் இல்லை, ஜோசியரும் இல்லை. ஒரு மிஷின். அதுவும் அவரே ஆசைப்பட்டு வரவழைத்து, வாசலில் தேங்காய் உடைத்து, எட்டுப் பேரை வைத்து மாடிக்குத் தூக்கி வந்த மிஷின். "நன்றி கெட்ட சவம், கொண்டாந்த ஆளையே கொண்டுபோகப் பாக்குது" என்று அண்ணாச்சியின் வீட்டம்மா பிரம்மநாயகி அதை ஏசியதில் தப்பே கிடையாது.

திருநெல்வேலி டவுணில், வாகையடி முனையைத் தாண்டி ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருக்கிறது தில்லை லேப். ரத்தம் எடுக்க, சோதிக்க, ரிப்போர்ட் அடிக்க, "சுகர் ஏன் கூடிச்சு?" என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிக்க, எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் எப்சி. தினமும் காலை ஏழு மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவாள். பன்னிரண்டு வருஷமாக வருகிறாள். அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவள் உட்கார்ந்தது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில்தான். அதன் நடுவில் ஒரு கீறல் உண்டு, அசைந்தால் கிள்ளும். லேபில் சுழல் நாற்காலி ஒன்று இல்லாமல் இல்லை. அது அண்ணாச்சிக்கு. "எனக்கும் ஒரு சேர் வாங்கித் தாங்க அண்ணாச்சி" என்று எப்போதாவது கேட்பாள். "ஏ பிள்ள, ரத்தம் எடுக்கவங்க நின்னுக்கிட்டுத்தானே எடுக்காங்க? சேர் எதுக்கு?" என்பார் அவர். 

லேப் வைப்பதற்கு முன்னால் அண்ணாச்சி முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர். வடக்கே இன்னார் கிணறு, தெற்கே இன்னார் வாய்க்கால் என்று ஊரில் பாதி நிலத்துக்கு நான்கு எல்லையும் எழுதிய கை அது. அந்தக் காலத்தில் பார்த்த பொய்களில் அலுத்துப்போய்த்தான் லேப் வைத்தாராம். "மனுஷன் பொய் சொல்லுவான், மிஷின் சொல்லாது" என்பது அவருடைய வாய்ப்பாடு.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அண்ணாச்சிக்குத் தாமிரபரணித் தண்ணீர் என்றால் உயிர். விடியற்காலையில் குறுக்குத்துறையில் குளித்துவிட்டு ஒரு குடம் எடுத்துக்கொண்டுதான் கரையேறுவார். சென்னையில் மகன் வீட்டுக்குப் போனாலும் ரயிலில் பத்து லிட்டர் கேன் கூடவே போகும். கல்யாண வீடுகளில் தண்ணீர் பாட்டிலை நீட்டினால் செத்த எலியை நீட்டியதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மிஷின் வந்தது மூன்று மாதத்துக்கு முன். படுக்கப்போட்ட பீரோ அளவுக்கு இருக்கும். சின்னக் கிண்ணங்களில் சீரம் என்கிற, ரத்தத்தின் தெளிந்த நீரை வைத்தால், ஒரு ஊசி வந்து குனிந்து உறிஞ்சி, மருந்தோடும் தண்ணீரோடும் கலந்து, நிறம் பார்த்து, கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். மிஷினைப் பொருத்திய கம்பெனி இன்ஜினியர் பெனோ, நாசரேத்துக்காரர், போகும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார்: "அண்ணாச்சி, இதுக்கு உப்புச் சத்து கொஞ்சமும் இல்லாத தண்ணிதான் ஊத்தணும். கேன்ல வரும்." ஆறு ஓடுகிற ஊரில் கேன் தண்ணீரா என்று அண்ணாச்சி கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். பிறகு அவரே, "தண்ணி ஊத்துத வேலைய நான் பாத்துக்கிடுதேன், பிள்ள. நீ வருததுக்கு முந்தி நான் வந்திருவம்லா" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வேலையை அவராகக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. எப்சி சந்தோஷப்பட்டாள். மிஷின் ஒவ்வொரு சாயங்காலமும் தன்னைத் தானே கழுவித் தொட்டியைக் காலி செய்யும். காலையில் அவள் வரும்போது தொட்டி நிறைந்திருக்கும், காலி கேன் படியோரம் கிடக்கும். தில்லை லேபின் மாடிப்படி மட்டும் அந்த மூன்று மாதமாகப் பளபளவென்று இருந்தது.

சுகர், யூரியா, கொழுப்பு எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தன. கால்சியத்துக்கான மருந்து கடைசியாக வந்தது. பெனோ வந்து, தன் கையால் கேன் தண்ணீர் ஊற்றி, அதற்கு மிஷினைப் பழக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கால்சியம் கேட்டு ஒரு சீட்டும் வரவில்லை. "சும்மா ஓடுத ரத்தம்தானே, என் ரத்தத்துல போட்டுப் பாரு" என்று அண்ணாச்சி கையை நீட்டினார். போட்டுப் பார்த்தாள். மனுஷனுக்குக் கால்சியம் எட்டரையிலிருந்து பத்தரைக்குள் இருக்க வேண்டும். அண்ணாச்சிக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு.

அன்று பகல் முழுக்க அவர் செல்போனில் கால்சியம் வீடியோக்களைப் பார்த்தார். ஒருத்தர் எலும்பு கரைந்து ரத்தத்தில் ஓடுகிறது என்றார். மலையாளத்தில் ஒருத்தர் சொன்னது புரியவில்லை, ஆனாலும் அவர் முகமே சரியில்லை. அண்ணாச்சியின் அப்பா அறுபத்தேழு வயசில் போனவர். அண்ணாச்சிக்கு அறுபத்தாறு நடக்கிறது. சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

எப்சிக்கு அதில் நம்பிக்கை இல்லை. லேபில் கண்ட்ரோல் என்று ஒரு குப்பி உண்டு. அதில் இருக்கிற சீரத்துக்கு என்ன அளவு வர வேண்டும் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கும். மிஷின் அதைச் சரியாகச் சொன்னால்தான் மற்றதைச் சொல்லத் தகுதி. மறுநாள் காலை அதை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பயப்படாதீங்க. கண்ட்ரோலும் கூடத்தான் காட்டுது. ஒன்பது புள்ளி எட்டு வரணும், பன்னிரண்டு புள்ளி ஒன்பது வருது. மிஷின்லதான் கோளாறு."

அண்ணாச்சி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது யாரு ரத்தம்?"

"கம்பெனில செஞ்சு அனுப்புதது. யாரோ, எந்த ஊர்க்காரங்களோ."

"பாவம்" என்றார் அண்ணாச்சி. கண் கலங்கிவிட்டது. "அந்த ஆளுக்கும் இதே சீக்குதான். இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான்."

"அய்யோ, அப்படி இல்ல அண்ணாச்சி. வேற லேப்ல ஒருக்கப் போய் டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்."

வந்ததே கோபம். "ஏ பிள்ள, உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? ஓட்டல் வச்சிருக்கவன் எதுத்த கடையில போய் இட்லி திம்பானா? தில்லை லேப் மொதலாளி அடுத்த லேப்ல கைய நீட்டிக்கிட்டு இருந்தாருன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒருத்தன் இந்தப் படி ஏறுவானா? சாகுதேன். ஆனா லேப் பேரைக் கெடுத்துட்டுச் சாவமாட்டேன்."

டாக்டரும் இதையே சொன்னாராம். அவரோடும் சண்டை. எப்சி என்ன செய்வாள்? கால்சியம் எழுதிய சீட்டோடு வந்த நாலைந்து பேரை வேறு லேபுக்கு அனுப்பிவிட்டு, பெனோவுக்குப் போன் போட்டாள்.

இதற்குள் அண்ணாச்சி நல்லவராகத் தொடங்கிவிட்டார். அது எப்சிக்குச் சீக்கைவிடப் பெரிய அதிர்ச்சி. "ஏ பிள்ள" போய் "எம்மா எப்சி" வந்தது. ஒரு நாள் காலை சுழல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தி, "இரு தாயி" என்றார். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிற தம்பியோடு அவருக்குப் பத்தொன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அவரைக் கூப்பிட்டு, "எல்லைக்கல்லை ரெண்டு எட்டுத் தள்ளி எழுதுனது நாந்தாம்லே" என்று ஒத்துக்கொண்டார். தம்பி அழுதார், இவர் அழுதார், போனில் சார்ஜ் தீரும்வரை அழுதார்கள்.

பெனோ வியாழக்கிழமை வந்தார். விளக்கை மாற்றினார், ஊசியை மாற்றினார், கையோடு கொண்டுவந்த கேனிலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றி அலசினார். கண்ட்ரோல் ஒன்பது புள்ளி எட்டு, கச்சிதம். வெள்ளிக்கிழமை காலை மறுபடி பன்னிரண்டு புள்ளி எட்டு.

திங்கட்கிழமை மறுபடி வந்தார். இந்தத் தடவை மிஷினைத் தொடுவதற்கு முன்னாலேயே எல்லோர் ரத்தத்தையும் போட்டுப் பார்த்தார்கள். எப்சிக்குப் பன்னிரண்டு புள்ளி நாலு. பெனோவுக்குப் பன்னிரண்டு புள்ளி ஏழு. கீழே பாத்திரக்கடைக்காரருக்குப் பதின்மூன்று. அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒட்டிக்கிட்டுது" என்றார். "என் சீக்கு உங்க எல்லாருக்கும் ஒட்டிக்கிட்டுது. பாவி நான், பெனோ! நீரு பிள்ளகுட்டிக்காரருல்லா!"

"அண்ணாச்சி, கால்சியம் ஒட்டாது வே" என்று பெனோ பதறியதில் மரியாதையே மறந்துபோயிற்று. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சீல் உடைக்காத கேனைத் திறந்து, வெறும் தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்து ஓட்டினார். மூன்று என்று காட்டியது.

"தண்ணிக்குமா!" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

பெனோ குழாய்களை எல்லாம் மாற்றி, கேன் தண்ணீர் ஊற்றி, கண்ட்ரோலைச் சரியாக்கிவிட்டுச் சாயங்காலம் போனார். மறுநாள் செவ்வாய்க்கிழமை, அக்காவிடம் கடைசியாகச் சொல்லிக்கொண்டு வர அண்ணாச்சி நாங்குநேரி போயிருந்தார். அன்று எப்சியே தொட்டியில் கேனைக் கவிழ்த்தாள். கண்ட்ரோல் சரியாக வந்தது. அவளுக்கு ஒரே குஷி. புதன்கிழமை அண்ணாச்சி வந்தார், கண்ட்ரோலும் பன்னிரண்டு புள்ளி எட்டுக்கு வந்தது.

"பாத்தியா எம்மா" என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகக்கூட. "நான் இல்லாத அன்னைக்கு இந்த ரூமே சுகமா இருந்திருக்கு. இனி என்ன சாட்சி வேணும்?"

அன்று மத்தியானம் அவர் பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தார். சொந்தக் கையெழுத்து, முத்து முத்தாக. தில்லை லேபையும் அதிலுள்ள சாமான்களையும் எப்சிக்குத் தானமாகக் கொடுக்கிறார். மகனுக்குச் சென்னையில் வேலை, லேப் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல நல்ல நேரம். பதிஞ்சிருவோம். பன்னிரண்டு வருஷம் உன்னைய அந்த ஸ்டூல்ல இருக்க வச்சேனே, அத நினைச்சாத்தான் தாயி எனக்கு நெஞ்ச அடைக்குது."

எப்சி அழுதாள். நிஜமாகவே அழுதாள். ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு மனசு ஒரு போர்டை எழுதி வாசலில் மாட்டிவிட்டது: எப்சி லேப். நீல எழுத்து, வெள்ளைப் பின்னணி. அவளைக் குற்றம் சொல்கிறவர்கள் முதலில் அந்த ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

சாயங்காலம் பெனோ போன் செய்தார். "எக்கா, ராத்திரியும் பகலும் இதே யோசனைதான் எனக்கு. எங்கனயோ இருந்து மிஷினுக்குள்ள கால்சியம் வந்து சேருது. தண்ணி மேலதான் சந்தேகமா இருக்கு. நாளைக்கு விடியவே வந்து தொட்டியப் பாக்கட்டா?"

எப்சி வாயைத் திறந்தாள். வா என்று சொல்லத்தான் திறந்தாள். நாளைக்குப் பெனோ வந்து கண்டுபிடித்துவிட்டால் அண்ணாச்சிக்குச் சீக்கு இல்லை. சீக்கு இல்லையென்றால் வெள்ளிக்கிழமையும் இல்லை, பத்திரமும் இல்லை.

"சனிக்கிழமை வா தம்பி" என்றாள். "நாளைக்கும் மறுநாளும் இங்கன கூட்டம்."

போனைக் கைப்பையில் போட்டாள். ரெண்டே நாள்தானே, ரெண்டு நாளில் யார் செத்துப்போகப் போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அன்று உட்காரத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அவள் முதல் பஸ்ஸையே பிடித்தாள். கைப்பையில் ஒரு அளவு டேப் இருந்தது. கூட்டம் வருவதற்குள் வாசல் சுவரை அளந்துவிட்டால் போர்டு எழுதக் கொடுத்துவிடலாம். ஆறு மணிக்கு லேப் தெருவில் நுழையும்போதே படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேலே அண்ணாச்சி, ஈர வேட்டியோடு, நெற்றி நிறையத் திருநீறோடு, ஒரு கேன் தண்ணீரைப் படியில் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. காலிக் கேனை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். எப்சி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பைய மேலே ஏறிக் கதவோரம் நின்றாள்.

அண்ணாச்சி பித்தளைக் குடத்தைத் தூக்கினார். சாமிக்கு ஊற்றுகிற நிதானத்தோடு, ஆற்றுத் தண்ணீரை மிஷின் தொட்டியில் ஊற்றினார். ஊற்றி முடித்துத் துளித் திருநீறு எடுத்து மிஷின் நெற்றியில் பூசினார். மிஷினுக்கு ஏது நெற்றி? ஸ்விட்சுக்கு மேலே ஒரு இடத்தை அவர் நெற்றியாக வைத்திருந்தார்.

"ஏ மிஷினு" என்றார். "என் விதிய நீ பொய் சொல்லாமச் சொல்லிட்ட. சந்தோஷம். எப்சிப் பிள்ளைக்கு ஒரு குறையும் வச்சிராத. அது பாவம். நாளைக்கு நான் போன பொறவு அதுதான் உனக்குத் தண்ணி ஊத்தும். குடிச்சிட்டு நல்லா இரு, என்ன?"

எப்சிக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. மூன்று மாதப் பளபளப்புப் படி, காலிக் கேன்கள், நாங்குநேரி போன நாள், எல்லாம். இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பைய இறங்கி, டீ குடித்துவிட்டு ஏழு மணிக்கு வழக்கம்போல் வந்தால் போதும். முப்பது மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் லேப் அவளுடையது. கடவுளே, இந்த மனுஷன் எனக்காக வேண்டிக்கொண்ட அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வெட்கமும் வந்தது.

"அண்ணாச்சி" என்றாள். "உங்களுக்கு ஒரு சீக்கும் இல்ல."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இந்தத் தண்ணிதான். ஆத்துத் தண்ணில கால்சியம் இருக்கு. மிஷின் எல்லாத்துலயும் அத கலக்குது. அதான் உங்களுக்கும் கூடுது, எனக்கும் கூடுது, கண்ட்ரோலுக்கும் கூடுது. பெனோ அவரு தண்ணிய ஊத்துத அன்னைக்கு மட்டும் சரியா இருக்கு. நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்குச் சரியா இருக்கு."

சாவு இல்லை என்று சொன்னால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? சந்தோஷப்படுவான், சாமிக்கு நேர்ந்துகொள்வான். அண்ணாச்சி குடத்தை டக்கென்று கீழே வைத்தார்.

"யார் மேல குத்தம் சொல்லுத? தாமிரபரணி மேலயா?"

"குத்தம் இல்ல அண்ணாச்சி..."

"எங்க அப்பா குடிச்ச தண்ணி, எங்க தாத்தா குடிச்ச தண்ணி! அதுலயா கோளாறு? அந்த கேன்ல அடைச்சு வருதே, உசுரில்லாத தண்ணி, அத ஊத்துனா மிஷினு எப்படி உசுரோட இருக்கும்னுதான் நான் மூணு மாசமா சுமக்கேன். படி கழுவத்தான் அது லாயக்கு. ஏ பிள்ள, நான் சாகுதேன். மனசாரச் சாகுதேன். ஆனா ஆத்துத் தண்ணி கெட்டதுன்னு ஒருத்தரும் இந்த லேப்ல சொல்லக் கூடாது."

எப்சி தொட்டியை வடித்தாள். ஒரு கேனை உடைத்து ஊற்றி, அலசி, அவர் கையைப் பிடித்து இழுத்து ரத்தம் எடுத்தாள். சீரம் தெளிவதற்குள் அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து கவலையை எல்லாம் கொட்டினார்.

"சாகலன்னா எனக்கு எவ்வளவு அசிங்கம்னு யோசிச்சியா? நாங்குநேரி அக்கா அழுது அழுது மூக்கு வீங்கிக் கிடக்கா. தம்பிகிட்ட எல்லைக்கல்லச் சொல்லிட்டேன். பிரம்மநாயகி பத்து நாளா நான் கேட்டதெல்லாம் சமைச்சுப் போடுதா. இப்ப போயி, சும்மா சொன்னேன், நான் இருக்கேன்னு சொன்னா செருப்பக் கழட்டமாட்டாளா?"

ஒன்பது புள்ளி நாலு வந்தது. அண்ணாச்சி அந்த எண்ணைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கேன் தண்ணி பொய் சொல்லுது" என்றார்.

இந்த மனுஷனைச் சாவிலிருந்து காப்பாற்ற ஆற்றைக் காப்பாற்றியாக வேண்டும் என்பது எப்சிக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டூல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, தண்ணில குறை இல்ல. தண்ணில சத்து அதிகம். இந்த மிஷினு அத தாங்காது. கைப்பிள்ளைக்குத் தேங்காப்பால் ஊத்துன சொதிச்சோறு ஊட்டினா என்னாகும்? சொதி கெட்டதா? பிள்ளைக்குச் செரிக்கல, அவ்வளவுதான்."

அண்ணாச்சி எழுந்து மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகம் பைய மலர்ந்தது.

"அப்படிச் சொல்லு! வெளிநாட்டுச் சாமானுக்கு நம்ம தண்ணி செரிக்கல. எந்த ஊருல செஞ்சதோ, அங்கன ஆறு இருக்கோ இல்லையோ." மிஷினை இரக்கத்தோடு தட்டிக்கொடுத்தார். "சவத்துக்குக் குடுத்து வைக்கல."

அப்படியாக அண்ணாச்சி பிழைத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி ஆனது, ஒன்று ஆனது. பத்திரப் பேச்சே இல்லை. அவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஏ பிள்ள, பஞ்சு அவ்வளவு ஏன் எடுக்க?" என்றார். மாலையில் தம்பிக்குப் போன் போட்டு, எல்லைக்கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், காய்ச்சலில் உளறியது சட்டப்படி செல்லாது என்றார். எப்சி ஸ்டூலுக்குத் திரும்பினாள். கீறல் கிள்ளியது. அவளுக்கு வயிறு எரிந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? உண்மையைச் சொன்னதற்காக வருந்தவில்லை. ஆனால் போர்டுக்காக அழுதாள்.

சனிக்கிழமை பெனோ வந்து விஷயத்தைக் கேட்டுச் சிரித்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி மட்டும் தினமும் கையை நீட்டுவதை நிறுத்தவில்லை. சனிக்கிழமை ஒன்பது புள்ளி மூன்று. திங்கட்கிழமை ஒன்பது புள்ளி நாலு.

"கொஞ்சங்கூடக் கூடலையா?"

"இல்ல அண்ணாச்சி."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போனார், வந்தார். "சாகப்போறவனா இருந்தப்ப எல்லாத்தையும் குடுக்க லேசா இருந்துச்சு. இப்ப கை வரமாட்டேங்குது பிள்ள. மூணு நாளா முயற்சி பண்ணுதேன்." பையைத் திறந்து ஒரு பத்திரத்தை எடுத்து அவள் மடியில் போட்டார். "பாதிதான் வந்துச்சு. முழுசும் குடுக்கணும்னா எனக்கு அந்தப் பழைய கால்சியம் வேணும்."

எப்சி படித்தாள். லேபில் சரிபாதி. அவள் பாகத்துக்கு வடக்கே சுவர், தெற்கே மருந்து வைக்கிற பிரிட்ஜ் என்று வரிசையாக எல்லைகள். பத்திரத்தை மேஜையில் வைத்தாள். இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லணும். போன புதன்கிழமையே பெனோ வருதேன்னாரு. நாந்தான் சனிக்கிழமை வான்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை போகட்டும்னுதான்."

"தெரியும்" என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கே அவரு எனக்கும் போன் போட்டு, அக்கா சனிக்கிழமை வரச் சொல்லுதாங்க, சரியான்னு கேட்டாரு. முப்பது வருஷம் பத்திரம் எழுதுனவனுக்கு அது வெளங்காதா? புதன்கிழமை சாயங்காலம் மறைச்ச ஒரு எப்சி, வியாழக்கிழமை காலம்பற உண்மையச் சொன்ன ஒரு எப்சி. பொறவு உனக்கு மட்டும் எப்படி முழுசும் எழுத? பாதிக்குப் பாதி. பதினோரு மணிக்குப் பதியணும், ஆதார் வச்சிருக்கியா?"

அவள் மறுபடி பத்திரத்தைப் பார்த்தாள். அடியில் மிஷினையும் பாகம் பிரித்திருந்தார். ஊசியும் கம்ப்யூட்டரும் உள்ள மேற்குப் பாதி தில்லைநாயகத்துக்கு. தண்ணீர்த் தொட்டி உள்ள கிழக்குப் பாதி, தொட்டி, மூடி, குழாய் சகிதம், எப்சிக்கு மட்டுமே சர்வ சுதந்திர பாத்தியம். தில்லைநாயகமோ அவர் வாரிசுகளோ அதில் எக்காலத்தும் எவ்விதமான நீரும் ஊற்றக் கூடாது.

எப்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுந்துபோய் ஒரு கேனை உடைத்து, தன் தொட்டியில் ஊற்றினாள். அண்ணாச்சி பழக்கதோஷத்தில் அன்றும் குடத்தோடுதான் வந்திருந்தார். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார்.

"எம்மா எப்சி, ஒரே ஒரு சொட்டு தெளிச்சுக்கிடட்டா?"

"என் எல்லைக்குள்ள கை நீட்டாதீங்க அண்ணாச்சி" என்றாள் எப்சி, சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு.